இரண்டாவது சீல்

எங்கள் அம்பாசடருக்கு எண்ணெய் ஒழுகும் வியாதி வந்ததும் அம்மாவுக்கு வயிற்றுவலி வந்ததும் ஒரே மழைக்காலத்தில்தான். இரண்டுக்கும் போர்ட் பிளேரில் வைத்தியம் இல்லை. வண்டிக்கு மெயின்லேண்டிலிருந்து சாமான் வர வேண்டும், அம்மா மெயின்லேண்டுக்குப் போக வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏரோட்ரோம் பக்கத்தில், லம்பா லைனில் எங்கள் வீட்டுக் கூரையை உரசுகிற மாதிரி விமானங்கள் இறங்கும். ஆனாலும் எங்களுக்கு மெயின்லேண்டு என்றால் கப்பல்தான். அம்மாவால் உட்கார முடியவில்லை, கப்பலில் படுத்துக்கொண்டே போகட்டும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அப்பா மீன்பிடிப் படகுகளுக்கு என்ஜின் பார்ப்பவர். தீவில் பாதிப் படகுகள் அவர் கைப்பட்டு ஓடியவை. அம்பாசடர் அவருடைய பெரியப்பா விட்டுப்போனது. மாதா கோயிலிலிருந்து அம்மா கல்யாணப் பெண்ணாக வீட்டுக்கு வந்ததும் அதில்தான்.

கியர்பாக்ஸின் பின்பக்கம், பின் சக்கரங்களைச் சுழற்றும் தண்டு நுழைகிற வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் சீல். அது காய்ந்து போனால் உள்ளே இருக்கும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தரைக்கு வந்துவிடும். அந்த இடத்துக்கு நேர் கீழே நான் ஒரு தேங்காய்ச் சிரட்டை வைத்திருந்தேன். காலையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கும் அம்மாவிடம் சொல்வது என் உத்தியோகம். அரைச் சிரட்டை என்றால், "பாவம், அதுக்கும் என்னைய மாதிரிதான்" என்பாள்.

அபர்டீன் பஜாரில் சீல் கிடைக்கவில்லை. சித்தப்பா கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, "நஹி மிலா" என்று கையை விரித்தார். கடைசியில் தெரிந்த கப்பல்காரர் ஒருவர் சென்னையிலிருந்து வாங்கி வந்தார். அந்தக் கப்பல் நாலு நாள் ஜெட்டியில் நின்றுவிட்டுத் திரும்பும். அம்மாவுக்கு டிக்கெட்டும் அதிலேயே. சீலைக் கொண்டுவந்த கப்பல் அம்மாவைக் கொண்டுபோகும் என்பது ஏற்பாடு.

"ஒரு டாக்ஸி பிடிச்சா ஆச்சு. இதுக்கு எதுக்குண்ணே வண்டியோட மல்லுக்கு நிக்கீங்க?" என்றார் சித்தப்பா.

"ஜெட்டி வரைக்கும் ஏத்தமும் இறக்கமும். எவன் வண்டியிலயோ குலுங்கிட்டுப் போணுமா அவ? நம்ம வண்டியில காலை நீட்டிப் படுத்துட்டு வரட்டும். லீக் நின்னாத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றார் அப்பா.

பெரியவர்கள் சொல்வதை அட்சரம் பிசகாமல் நம்புகிற வயது. லீக் நிற்காவிட்டால் அம்மா போக மாட்டாள். அவளை நிறுத்திவைக்க இவ்வளவு சுலபமான வழி வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பா வண்டியைத் தூக்கிக் கட்டைகளின் மேல் நிறுத்தினார். தண்டைக் கழற்றி, பழைய சீலை நெம்பி எடுத்தார். புதியதன் உள்விளிம்பில் கிரீஸ் தடவி, அதன் மேல் ஒரு படாக் மரக்கட்டையை வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டி உட்கார வைத்தார். ஒரு பக்கம் சாய்ந்தாலும் போச்சு என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார். பிறகு தண்டை மாட்டி, புது எண்ணெய் ஊற்றி மூடினார்.

மறுநாள் அப்பா எழுவதற்கு முன்பே போய்ப் பார்த்தேன். சிரட்டையில் ஒரு சொட்டு இல்லை. வராந்தாவில் மிச்ச எண்ணெய் டப்பா இருந்தது. எடுத்து அரைச் சிரட்டைக்கு ஊற்றினேன். அம்மாவிடம் போய் வழக்கம்போல, "அரைச் சிரட்டை" என்றேன். அம்மா அன்றைக்குப் பாவம் என்று சொல்லவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கலைந்திருந்த என் முடியை ஒதுக்கிவிட்டாள்.

அப்பா சிரட்டையைப் பார்த்தார். வண்டிக்கு அடியில் போனார். நானும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். கியர்பாக்ஸின் பக்கவாட்டிலிருந்த திருகைக் கழற்றி, அந்த ஓட்டையில் சுண்டுவிரலை விட்டார். விரல் எண்ணெயில் நனைந்து பளபளவென்று வெளியே வந்தது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் மல்லாந்து கிடந்தார். பிறகு திருகை இறுக்கிவிட்டு வெளியே வந்தார்.

"இன்னும் ஒழுகுது. இந்த சீல் சரியில்ல. அடுத்த ஜஹாஜ்ல வேற வரட்டும்."

சித்தப்பா கத்தித் தீர்த்தார். கப்பல் அம்மா இல்லாமல் போனது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அடுத்த கப்பலுக்குப் பதினைந்து நாள். நான் அன்றாடம் காலையில் ஊற்றினேன், அப்பா அன்றாடம் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். சாயங்காலம் அம்மாவைத் தூக்கி வந்து வண்டியின் பின் சீட்டில் படுக்க வைப்பார். கதவுகளைத் திறந்து போட்டு, எங்கும் போகாத வண்டியில் மூவரும் இருட்டும்வரை இருப்போம். "எங்க போவோம், சொல்லு" என்பார் அப்பா. அம்மா ஒரு நாள் கார்பின்ஸ் கோவ் என்பாள், ஒரு நாள் சௌல்தாரி என்பாள். அம்மா மெலிந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை.

பழுப்புக் காகிதப் பொட்டலத்தில் இரண்டாவது சீல் வந்தது. அப்பா என்னை அம்மாவிடம் போகச் சொல்லிவிட்டுத் தனியாக அடியில் போனார். கட்டையில் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஊத்தாத பிள்ள."

அவள் கட்டிலோர ஜன்னலிலிருந்து வண்டி நேராகத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் சிரட்டை காய்ந்து கிடந்தது. அம்மா என் மடியில் தலைவைத்து ஜெட்டிக்கு வந்தாள். திரும்பி வரவில்லை. அவள் கல்லறை அக்கரையில்தான் இருக்கிறது. பதினைந்து நாள் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. கேட்கப் பயம். நான் செய்ததை அப்பாவிடம் சொன்னதும் இல்லை.

போன வருடம் வண்டி மறுபடி ஒழுகியது. அப்பாவுக்கு இப்போது குனிய முடியாது. பஜாரிலிருந்து வந்த மெக்கானிக் முதல் வேலையாகப் பக்கவாட்டுத் திருகைக் கழற்றி விரலை விட்டான். எதற்கு என்று கேட்டேன்.

"விரல் நனையலைன்னா எண்ணெய் இறங்கிருக்கு, தீதி. நனைஞ்சா ஃபுல்லா இருக்கு. ஒரு சொட்டும் ஒழுகலைன்னு அர்த்தம்."

புது சீல் கிடைப்பது கஷ்டம் என்றும் சொன்னான். அப்பா உள்ளே போய் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கப்பல்காரர் கட்டிய நூல்கூட அவிழ்க்கப்படவில்லை. மெக்கானிக் பிரித்து வளையத்தை அழுத்திப் பார்த்தான். அது கல்லாகிப் போயிருந்தது.

"இது யூஸே ஆகலையே, சாச்சா!"

அப்பா ஏரோட்ரோம் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு வண்டிக்கு அடியில் அவர் ஏன் அவ்வளவு நேரம் கிடந்தார் என்று ஒன்பது வயதில் எனக்குப் புரியவில்லை. அம்மாவை அனுப்ப மனமில்லாமல் நான் மட்டும்தான் தவித்தேன் என்று நினைத்திருந்தேன். ஊற்றியவள் நான். ஊற்றியது தெரிந்தும் ஒழுகுகிறது என்று சொன்னவர் அவர். இத்தனை வருடம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் அதே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.