சின்னம்மா கல்யாணத்துக்குக் கடல் தாண்டிப் போனது

தீவு என்றால் எங்கள் ஊர் ஆற்று நடுவில் இருந்த மணல் திட்டு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் தெரியும். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். அம்மா என்னை இலங்கைக்குக் கூட்டிப்போகிறாள் என்று தெரிந்ததும், அதை நடந்து பார்த்து எத்தனை நாழிகை ஆகிறது என்று வந்து சொல்வதாகத் தெருப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

போனது சின்னம்மாவின் கல்யாணத்துக்கு. ரத்த உறவில் சின்னம்மா இல்லை, அம்மாவின் தோழி. திருச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருவரும் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் அவளுடைய குடும்பம் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டது. தாய் தகப்பன் அங்கேயே காலமாகி, தனியாளாய் நின்று, முப்பது வயதை நெருங்கும்போதுதான் அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஆனால் அம்மா தினமும் அவளைப் பற்றிப் பேசுவாள். யாரையோ வைத்து எழுதி அனுப்பிய கடிதத்தில், நீ வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று சின்னம்மா சொல்லியிருந்தாள்.

அப்பா மாதத்தில் பாதி நாள் மணப்பாறையில் இருப்பார். மாட்டுத் தரகு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியாது. கல்யாணத்துக்குப் போய் வருகிறேன் என்று அம்மா கேட்டபோது, போய்விட்டு வா என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்தத் தோட்டத்துக் கங்காணி ஆள் கூட்டிப்போக எங்கள் பக்கம் வந்திருந்தார். அவருடைய கூட்டத்தோடு நாங்களும் ரயில் ஏறினோம்.

மண்டபம் முகாமில் ஐந்து நாள் நிறுத்தி வைத்தார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நோய் நொடி இல்லை என்று பார்த்துத்தான் கப்பலில் விடுவார்கள். ஆட்களோடு ஆட்களாகப் போனதால் எங்களுக்கும் அதே சட்டம். நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணை விரித்துப் பார்த்தார்கள். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அம்மாதான் விரலை மடக்கி மடக்கி முகூர்த்த நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கப்பலில் நான் கடலையே பார்க்கவில்லை. வாந்தி எடுத்து அம்மா மடியில் கிடந்தேன். இறங்கியதும் காடு, அதற்கப்புறம் வயல், அதற்கப்புறம் மலை. ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கும்போது குளிரில் பல் கிட்டியது. கடல் எங்கே என்று கேட்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் ஒரு குவளையை என் கையில் கொடுத்து, "குடி மகள். இதுக்குத்தானே இவ்வளவு பேரும் கடல் தாண்டி வாறீங்க" என்றார். நான் முதன்முதலில் தேத்தண்ணி குடித்தது அப்போதுதான். கசந்தது. இதற்கா என்றிருந்தது.

அங்கிருந்து மாட்டுவண்டியில் பதுளைக்கு வந்து, ஒரு சத்திரத்தில் படுத்து எழுந்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மலை ஏறினோம். முகூர்த்தம் அன்று காலையில். நாங்கள் லயத்தை எட்டியபோது உச்சி வெயில். கல்யாணம் முடிந்திருக்கும் என்று அம்மா பாதி வழியிலேயே பேச்சை நிறுத்திவிட்டாள்.

வரிசையாய் ஒட்டிக் கட்டிய அந்தச் சின்ன வீடுகளுக்கு நடுவே, கூறைச் சேலையும் மாலையுமாக ஒருத்தி எங்களை நோக்கி ஓடி வந்தாள். பின்னாலேயே இரண்டு கிழவர்கள் திட்டிக்கொண்டு வந்தார்கள். காலை முகூர்த்தத்தைத் தவறவிட்டு, பூசாரியைக் கோபப்படுத்தி, மாப்பிள்ளையையும் பசியோடு உட்கார வைத்திருந்தாள் சின்னம்மா.

"வந்துட்டியாடி" என்றாள்.

"மொதல்ல தலையைக் காட்டு. யாரு இப்படி அலங்கோலமாப் பின்னி விட்டது?" என்றாள் அம்மா. இரண்டு பேரும் அழுதுகொண்டிருக்க, அம்மா சடையை அவிழ்த்துப் பின்னினாள்.

சாயங்காலத்துக்குள் வேறொரு நல்ல நேரம் கண்டுபிடித்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை கிடையாது. மூன்றாவது முடிச்சை அம்மா போட்டாள். அந்த ஒரு முடிச்சில் தோழி நாத்தனாராகிவிட்டாள் என்று பெண்கள் கேலி செய்தார்கள். மாப்பிள்ளை கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் வேலை பார்க்கிறவர், வாய் திறந்து பேசாத மனிதர். அம்மாவைப் பார்த்து, "இது ஒங்க வீடுங்க அக்கா" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள் இருந்தோம். அம்மா சின்னம்மாவோடு மலைக்குப் போகத் தொடங்கினாள். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, விரல் நுனியெல்லாம் கறையாகித் திரும்பி வருவாள். இரண்டு பேரும் பேசிச் சிரிக்கிற சத்தம் பாதை வளைவிலேயே கேட்டுவிடும். அம்மா சத்தமாகச் சிரிப்பாள் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. நான்தான் குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டு கிடந்தேன். புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறியது.

ஒரு நாள் கங்காணி வாசலில் நின்று, "வேலைக்குப் பேர் பதியறதுன்னா இந்தக் கெழமைக்குள்ள சொல்லிருங்க தாயி. தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிப் போனார். சின்னம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அம்மா என்னை ஓடைக்குக் கூட்டிப்போனாள். கல்லின் மேல் உட்கார வைத்து முகம் கழுவிவிட்டாள்.

"நாம இங்கேயே இருந்திருவமா?"

"யாரு?"

"நீயும் நானும்."

"அப்பா?"

அம்மா என் காலைத் தண்ணீரில் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. குளுருது. அட்டை வேற கடிக்குது. ஊருக்குப் போவோம்."

"சரி" என்றாள். உடனே சொன்னாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நாலு நாள் கழித்துக் கிளம்பினோம். சின்னம்மா வண்டி வரைக்கும் வந்தாள். அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என்னிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அவளுடைய கல்யாணப் பலகாரத்தை நான் அதிகமாகத் தின்றுவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். தீவைச் சுற்றிப் பார்க்கவில்லை என்பதை மறைக்க எனக்கு வேறு பெருமை கிடைத்திருந்தது. அங்கேயே தங்கிவிடலாமா என்று அம்மா என்னிடம் கேட்டாள், நான் வேண்டாம் என்றதும் கேட்டுக்கொண்டாள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பெரியவர்கள் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை.

அப்பா மணப்பாறையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவரிடமும் அதைச் சொன்னேன். பாதி சாப்பாட்டில் அவர் கை நின்றது, கண் அடுப்படிப் பக்கம் திரும்பியது. அடுப்படியிலிருந்து அம்மா வேகமாக வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு வளர்ந்த பிள்ளையை எதற்குத் தூக்குகிறாள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இறக்கி விடச் சொல்லிக் காலை உதறிக்கொண்டே இருந்தேன். அவள் இறக்கி விடவில்லை.