செவலைக்கு விரித்த சாக்கு

சில வருடங்களுக்கு முன், ஒரு ஆகஸ்ட் மழையில், நீலகிரியில் குந்தா பக்கம், அம்மா இலை பறித்த தேயிலை எஸ்டேட்டில் நடந்தது இது. சிவில் இன்ஜினியரிங் முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த நான், லீவில் வந்திருந்தேன்.

தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுத்த எங்கள் லயன் வீடுகள் ஆற்றை ஒட்டி வரிசையாக இருந்தன. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மழை என்றால் வாரக்கணக்கில் சாரல்தான். ஆறு மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். இப்போதோ ஒரு மாத மழை ஒரே பகலில் கொட்டிவிடுகிறது. அன்று மதியத்துக்குள் துணி துவைக்கும் கல்லைத் தண்ணீர் மூடிவிட்டது. இலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே ஓடி வந்தார்கள். மேட்டில் இருக்கும் பேக்டரிக்கு எல்லோரும் போவதென்று முடிவானது. ரேஷன் கார்டு, மருந்து, டார்ச், மாற்றுத்துணி என்று நான் சொல்லச் சொல்ல, அம்மா மூட்டை கட்டினார்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் கிளம்பவில்லை. அவருடைய செவலைப் பசு நிறைசினை. மேட்டுப் பாதையின் களிமண்ணில் இரண்டடி வைத்ததுமே அது சறுக்கி முட்டி போட்டது. அதற்குமேல் நகரவில்லை. தொழுவத்துக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"நீங்க போங்க. இவளை உட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார் அக்கா.

அம்மா மூட்டையைக் கீழே வைத்தார். செடி கிழிக்காமல் இருக்க இலை பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் சாக்கை அவிழ்த்துச் சேற்றில் விரித்தார். மற்ற பெண்களும் அவிழ்த்தார்கள். பசு ஒரு சாக்கைத் தாண்டியதும் அதை எடுத்து ஓடி முன்னால் விரிப்பார்கள்.

"சாமிக்குக்கூட இப்படி நடைபாவாடை விரிச்சதில்ல, பாரு இவ மவுசை!"

"எட்டு வைடி மகாராணி!"

நான் பின்னால் தோள் கொடுத்துத் தள்ளினேன். "இன்ஜினியரம்மா, வாலுக்கு நேரா நிக்காதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். அதற்குள் என் சட்டை நாசமாகியிருந்தது. அந்த மழையிலும் அக்காவே சிரித்துவிட்டார்.

மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது தொழுவத்தின் கூரை மட்டும்தான் தெரிந்தது.

செவலைக்குப் பேக்டரியின் விறகுக் கொட்டகையில் இடம் கிடைத்தது. நாங்கள் இலை வாட்டும் மாடியில் படுத்தோம். கீழிருந்து வந்த வெதுவெதுப்பான காற்றும் வாடும் இலையின் மணமும் இன்னும் என் மூக்கில் இருக்கின்றன. அந்தக் கொட்டகையிலேயே செவலை கன்று ஈன்றது. சாக்கு விரித்த எல்லோருக்கும் அக்கா சீம்பால் கொடுத்தார்.

இன்று அந்த லயன் வீடுகளில் யாரும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். ஆற்றோர ஊர்களுக்கு வெள்ளப் பாதுகாப்புத் திட்டம் போடுவது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. எந்த ஊருக்குப் போனாலும், நீங்கள் எந்த வழியாக வெளியேறுவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், எதை விட்டுவிட்டு வரமாட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன்.