கூடுகளுக்கு நான் கட்டிய மஞ்சள் நாடா

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. அவருடைய நற்குணங்களை எழுத இந்த நினைவு மலரில் பலர் இருக்கிறார்கள். நான் என் தவறு ஒன்றை எழுதுகிறேன்.

அக்கா கிளியனூரில் பிறந்தவர். நான் படிக்க வேண்டும் என்பதற்காகப் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு களை பறிக்கப் போனார். காணைப் பக்கம் மணமாகி வந்து, மாமா மறைந்த பின் அங்கன்வாடி வேலையைக் கொண்டே இரு மகள்களையும் ஆளாக்கினார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்ப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வார். கரிச்சான், கொண்டைக்குருவி, தையல்சிட்டு எல்லாவற்றையும் முதலில் குரலால்தான் அறிமுகப்படுத்துவார்.

"கண்ண மூடிக்கினு கேளுங்க. யாரு பேசுறது?"

"தவிட்டுக்குருவி டீச்சர்! எங்க பெரியம்மா மாதிரியே கத்துது."

"உங்க பெரியம்மா காதுல வுழுந்தா இன்னிக்கு உனக்குச் சோறு கெடையாது."

அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: கூடு கண்ணில் பட்டால் நிற்கக் கூடாது, விரல் நீட்டக் கூடாது. திண்டிவனத்திலிருந்து விடுமுறைக்குச் சென்றிருந்த எனக்கு எதையும் எண்ணிட்டு எழுதி வைத்தால்தான் மனம் அடங்கும். அக்காவிடம் சொல்லாமல், ஒன்பது கூடுகளின் அருகே எண் எழுதிய மஞ்சள் நாடா கட்டினேன். நாட்குறிப்பில் வரைபடமும் போட்டேன்.

அடுத்த ஞாயிறு எட்டுக் கூடுகள் பிய்ந்து கிடந்தன. நாடாவைப் பார்த்தே யாரோ முட்டைகளைத் தேடி எடுத்திருந்தார்கள். ஒரு சிறுமி உடைந்த முட்டையைக் கையில் வைத்து அழுதாள். அவளுடைய தாய் என் எதிரிலேயே அக்காவைக் கேட்டார்:

"கூட்டாண்ட போவாதன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிட்டு, நீங்களே துணி கட்டி வெச்சிக்கினு இருந்தீங்களா?"

அக்கா நாடாவிலிருந்த எண்ணைப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பாமலே, "தப்புதாம்மா" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு யாரும் பிள்ளைகளை அவரோடு அனுப்பவில்லை. அன்றைய என் நாட்குறிப்பில் "மழை இல்லை" என்று மட்டும் இருக்கிறது.

முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் அவருடைய கடைசி நாட்களில் உடனிருந்தேன்.

"அக்கா, அந்த நாடா..."

"வுடுடா. நீ சாப்ட்டியா?"

அதையே சாக்காக்கிக்கொண்டு விட்டுவிட்டேன்.

இரத்தம் கொடுத்தவர்களுக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஏரிக்கரைக்கு வந்த அந்தப் பிள்ளைகள் இன்று பெரியவர்கள். அக்காவின் பெட்டியைச் சுமந்தவர்களில் நான்கு பேர் அவர்கள். தப்பு அக்காவுடையது என்று நினைத்துக்கொண்டேதான் நீங்கள் நால்வரும் அன்று தோள் கொடுத்தீர்கள். கட்டியவன் நான்.