போகாதீங்க என்று சொன்ன வீடு

வீடு வீடாகக் கதவு தட்டுகிற தொழிலுக்குச் செருப்பைச் சீக்கிரம் கழற்றத் தெரிந்தால் போதும். மீதியைக் கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

மிக்ஸி விற்றவர்கள், ஓட்டுக் கேட்டவர்கள், சங்கத்துக்குச் சந்தா கேட்டவர்கள் எல்லோரும் என் இனம். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் தட்டியது மட்டும் வேறு காரணத்துக்காக. மஸ்கட்டில் பல வருடம் கணக்கெழுதிவிட்டு நாற்பத்தெட்டு வயதில் ஆந்திர எல்லையிலுள்ள புத்தூருக்குத் திரும்பி வந்தேன். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்லூரியில் தமிழ் என்று படித்தவன் என்பதால் எங்கள் சபையின் பாஸ்டர் என்னை மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ரோசலின் என்பவர் ஊழியத்துக்காக வந்திருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய அவருடைய கொள்ளுத்தாத்தா இந்தச் சித்தூர்ப் பக்கத்துக்காரராம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

பாஸ்டர் முதல் நாளே சட்டம் போட்டார். மேடை கிடையாது, துண்டுப் பிரசுரம் கிடையாது, வா என்றால்தான் வாசலைத் தாண்ட வேண்டும், கேட்டால்தான் ஜெபம். மற்ற நேரமெல்லாம் காது.

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள்

முதல் வாசல் வரதய்யபாளையத்தில். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டே ஒருவர் ஓடி வந்தார். நாற்காலி போட்டார். மகனைக் கூப்பிட்டுச் சட்டை மாற்றச் சொன்னார். இவ்வளவு மரியாதையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து கையில் பையும் கூடவே இங்கிலீஷ் பேசுகிற ஆளுமாக யார் வந்தாலும் கம்பெனி அதிகாரிகள்தானாம்.

நாங்கள் யார் என்று சொன்னேன். மகன் சட்டைப் பொத்தானைப் பாதியில் நிறுத்தினான். ஆனாலும் மோர் வந்தது. ரோசலின் அக்கா, எல்லாருடைய பாரத்தையும் கேட்கிற ஒருவரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். பெரியவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லா கேக்கறாரு, சரி. பையன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு வூட்லயே குந்திகினு இருக்கான். அதயும் கொஞ்சம் அவரு காதுல போட்டு வைங்க."

துன்னியா

எங்களுக்குச் சமைத்துப் போட்டவள் லாவண்யா. ஏழு மாதக் கர்ப்பிணி. வடமாலபேட்டையில் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்துப் பெண். எங்கள் சபையில் ஒரு பையனைக் கட்டிக்கொண்டு புத்தூருக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்காக வந்து குடியேறியவர்கள். கல்யாணமான அன்றிலிருந்து அவளுடைய அம்மா சுகுணாம்மாவுக்கு மகளோடு பேச்சில்லை.

ரோசலின் அக்காவின் வீட்டில் நாலு தலைமுறை தாண்டி மிஞ்சிய தமிழ் ஒரு கைப்பிடி. நைனா, வா, போ, அப்புறம் துன்னு. முதல் நாளே நான் திருத்தினேன். துன்னு என்று சொல்லக் கூடாது அக்கா, சாப்பிடு என்று சொல்லுங்கள். "தின்னாவா" என்று தெலுங்கில் கேட்டால் பாசம், "துன்னியா" என்று தமிழில் கேட்டால் பட்டிக்காடு. எனக்குக் கல்லூரியில் அப்படித்தான் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரும் தலையாட்டினார். அன்று மத்தியானமே சமையலறையில் லாவண்யாவைப் பார்த்து, "நீ துன்னியா?" என்றார்.

லாவண்யா சிரித்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "எங்கம்மாதான் இப்டி கேக்கும். இங்க எல்லாரும் சாப்ட்டியாங்கறாங்க. வயிறு ரொம்புது, கேட்டாப்பல இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "வடமாலபேட்ட போனா, ரெண்டு தென்னமரம் இருக்கற வூட்டுக்கு மட்டும் போகாதீங்கண்ணா. நான்தான் அனுப்பினேன்னு அம்மா நெனச்சிக்கும். அப்புறம் தலைப்பிரசவத்துக்குக்கூட கூப்டாது."

பாதி தெரிந்த சாமி

நாராயணவனத்தில் பூக்கடைக்காரர் ஒருவர் எங்களைத் தன் கடைப் பலகையிலேயே உட்கார வைத்தார். கோயில் எதிரில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று நான் நெளிந்தேன். அவருக்கு அந்தக் கூச்சமே இல்லை. "எங்க பெருமாளுக்கு இந்த ஊர்லதான் கல்யாணம். உங்க சாமிக்கு எந்த ஊர்ல?"

கல்யாணம் ஆகவில்லை என்று மொழிபெயர்த்தேன். அவர் கையிலிருந்த மாலை நின்றுவிட்டது. உண்மையான வருத்தம். "அப்போ வூட்டு கஷ்டம் எப்டி தெரியும் அவருக்கு?"

இத்தனை வருடம் கேட்ட பிரசங்கங்களில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டிருக்க, ரோசலின் அக்கா சிரித்துக்கொண்டே, அவருக்கு அம்மா இருந்தார்கள், அவர் சாகும்போதும் பக்கத்திலேயே நின்றார்கள் என்றார். பூக்காரர் யோசித்தார். மாலை மறுபடி நகர்ந்தது. "அம்மா இருந்தா சரி. பாதி தெரிஞ்சிருக்கும்."

அரை வாக்கியம்

வடமாலபேட்டையில் காரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ரோசலின் அக்கா காரில் இல்லை. நேராக இரண்டு தென்னை மரத்தடியில் நிற்கிறார். லாவண்யா அன்று இரண்டு விரலைக் காட்டி, தென்னை உயரத்துக்குக் கையைத் தூக்கிச் சொன்னது இவர் கண்ணிலும் காதிலும் விழுந்திருக்கிறது. அவர் தமிழில் "போ" உண்டு, "காதீங்க" கிடையாது. பாவம், அந்தப் பெண் போகச் சொன்னாளே என்று போய்விட்டார்.

நான் ஓடிச் சேர்வதற்குள் கதவு திறந்துவிட்டது. சுகுணாம்மா, கையில் முறம். அக்காவின் கையிலிருந்த வேதப் புத்தகத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற என்னையும் பார்த்தார். "எம்பொண்ண இட்டுகினு போனீங்களே, பத்தலியா?" என்று கதவைச் சாத்தினார். பாதி சாத்தியபோது ரோசலின் அக்காவுக்கு நான் சொல்லிக்கொடுத்த மரியாதைத் தமிழ் அத்தனையும் மறந்துபோனது. பதற்றத்தில் வாயில் வந்தது ஒன்றுதான். "துன்னியா?"

கதவு நின்றது. நான் அவசரமாக யார், எங்கிருந்து வந்தவர் என்றெல்லாம் விளக்கினேன். எங்கள் சபைதான் என்பதையும் மறைக்கவில்லை. மகள் அனுப்பவில்லை, போக வேண்டாம் என்றுதான் சொன்னாள், இது மொழித் தவறு என்றேன். சுகுணாம்மா ஒன்றையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். உள்ளே கூப்பிடவில்லை. கிளம்பும்போது ரோசலின் அக்கா, நான் பழக்கிய ஒரே உருப்படியான வாக்கியத்தைச் சொன்னார்: "போய்ட்டு வரேன்."

சுகுணாம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "மூஞ்சி நம்மூரு மூஞ்சியா இருக்குது. வரேன்னு சொல்லிச்சே, வருமா, இல்ல உங்க ஆளுங்க மாரி வாய் வார்த்தையா நைனா?"

சிபாரிசு

நடந்த நடையில் அக்காவின் செருப்பு அறுந்துபோனதால் திருப்பதிக்குப் பஸ்ஸில் போனோம். ஆட்டோக்காரர், "கொண்டக்கா சார், மலைக்கா?" என்றார். மலைக்கு இல்லை, செருப்புக் கடைக்கு என்றேன். இவ்வளவு தூரம் வந்தவர் மலைக்குப் போகவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அவர் ஊழியத்துக்கு வந்தவர் என்று சொன்னதும் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். கண்ணாடியில் அக்காவை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

இறங்கும்போது சொன்னார்: "நாள் முச்சூடும் மலையடிவாரத்துக்கு சவாரி ஏத்தறேன், நான் மேல போய் வருஷமாச்சு. அவங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க, அவரு எங்காளுகிட்ட சொல்லட்டும்."

காரம்

வரேன் என்று சொன்னதால் ரோசலின் அக்கா மறுபடி போனார். புத்தகத்தைக் காரிலேயே வைத்துவிட்டார். சொல்ல வந்ததை விட்டுவிட்டீர்களே என்றேன். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். இந்தமுறை உள்ளே பாய் விரித்திருந்தது. இருவரும் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தார்கள். நடுவில் நான், மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாத மொழிபெயர்ப்பாளன். உரித்ததில் பாதியை நான்தான் துன்னேன்.

லாவண்யாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. கடலை மூட்டை பாதியானபோது சுகுணாம்மா கூரையைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு அதுதான் ஆக்கிப் போடுதாமே. கொழம்பு எப்டி இருக்குது?" அன்று நான் மொழிபெயர்த்தது அது ஒன்றுதான். ரோசலின் அக்கா நாக்கை நீட்டிக் கையால் விசிறிக் காட்டினார். ஒரே காரம்.

சுகுணாம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டி, தோலை ஊதிவிட்டுச் சொன்னார்: "அப்போ நல்லாத்தான் இருக்கா."

கேட்டுக்கு வெளியே

ரோசலின் அக்கா ஊருக்குத் திரும்பும் முன் வந்த கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபை கேட்டுக்கு அந்தப் பக்கம், புளிய மர நிழலில் சுகுணாம்மா. கையில் மஞ்சள் பை. உள்ளே வாங்க என்று பாஸ்டரே போய்க் கூப்பிட்டார். "வேணாங்க. எங்க சாமி கோச்சிக்கும், எதுக்கு வம்பு" என்று நின்ற இடத்திலேயே நின்றார்.

லாவண்யா கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார்கள். நாங்களெல்லாம் செருப்புத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டோம்.

"துன்னியா?" என்றார் சுகுணாம்மா.

"இன்னும் இல்லம்மா" என்றாள் லாவண்யா, கேட்டைத் திறந்தபடி. பையிலிருந்து பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வந்தது. அந்த மர நிழலிலேயே, போகிற வருகிற டூவீலர்களுக்கு நடுவில், அம்மா அடுக்கினார். முதல் வளையல் கையில் ஏற மறுத்தது. சபைப் பெண்கள் சோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "பிரசவத்துக்கு நம்ம வூட்டுக்கு வந்துடு. ஞாயித்துக்கெழம வோணும்னா இங்க வந்து பாடிட்டு வா" என்றார் மகளிடம். லாவண்யா தலையை ஆட்டினாள்.

ரோசலின் அக்கா பக்கத்தில் போனார். நான் மொழிபெயர்க்கத் தயாராக நின்றேன். தேவைப்படவில்லை. மீதியிருந்த இரண்டு வளையலை அக்காவின் கையில் போட்டுவிட்டு சுகுணாம்மா சொன்னார்: "உன் சாமி ஆள் சேக்கறாருன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். ஆள திருப்பியும் குடுக்கறாரே."

இந்தப் பயணத்தில் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று டர்பன் சபையிலிருந்து கேட்டதற்கு ரோசலின் அக்கா யோசிக்காமல் "இரண்டு" என்று பதில் அனுப்பினார். எதில் சேர்த்தீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, மொழிபெயர்ப்பாளன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.