பீரோவுக்குள் வைஃபை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த அந்த அம்மா நல்ல உயரம். அவருக்கு முதலில் சிரிப்பு வரும்; பேச்சு பிறகுதான்.

அன்று சிங்கப்பூரில் மகள் வீட்டில் என் பேத்திக்குப் பெயர் சூட்டல். தாத்தாவான நான் வீடியோ காலில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். படமோ உறைந்து உறைந்து நின்றது. பதறிப்போய், கம்ப்யூட்டர் வேலை தெரிந்த அந்த மாடி அம்மாவை அழைத்தேன்.

"என் பையன் இந்தக் கம்ப்யூட்டர்ல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். அதாலதாங்க எல்லாம்," என்றேன்.

அவர் டெர்மினலைத் திறந்து, இணைப்பைச் சோதிக்க இருபது பிங் அனுப்பினார். ஏழுக்குப் பதில் திரும்பவில்லை, நானே எண்ணினேன்.

"லினக்ஸ் நல்லாத்தாங்க இருக்கு. வைஃபை பெட்டி எங்க?"

"பீரோவுல. களவு போயிடக் கூடாதுன்னு பின்னாடி ஓட்டை போட்டு, வயர் விட்டுப் பூட்டி வெச்சிருக்கேன்."

"இரும்பு பீரோவுலயா? சிக்னல் எப்படிங்க வெளிய வரும்? நகையாங்க அது!" சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வெளியே எடுத்தால் வயர் மேசைவரை எட்டவில்லை. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவரே நின்றார்.

"சொல்லுங்க ஐயா. நான் அசைய மாட்டேன்."

மூன்று முறையும் பெயர் தடங்கலின்றிப் போய்ச் சேர்ந்தது. பேத்தி கொட்டாவி விட்டாள். கைதட்ட வழியில்லாத அந்த அம்மா குலவையிட்டார்.

"யாருப்பா அது?" என்றாள் மகள்.

திரும்பிப் பார்த்தேன். அவர் பெயர் எனக்கே தெரியாது.

"நம்ம மனுஷிதாம்மா," என்றேன்.