காதில் சொன்னதை மைக்கில் சொன்னவள்

போன வாரம் வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சானூரில் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருப்பவள் கலா. ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டான கரு, போன வாரம் கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரே ஒரு வரி போட்டாள். ‘வந்ததும் தெரியல, போனதும் தெரியல கண்ணு.’ நெருங்கிய சிலர் மட்டும் பார்க்கும்படி. அதில் நானும் ஒருத்தி. பதில் எழுதக் கை வரவில்லை. ரசம் வைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அந்தச் சிலரில் அவள் நாத்தனார் பத்மாவும் உண்டு. திருப்பதியில்தான் இருக்கிறாள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஸ்டேட்டஸை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கலாவின் கல்யாண போட்டோவோடு ஃபேஸ்புக்கில் போட்டாள். ‘எங்கள் கலாவுக்காகப் பிரார்த்தியுங்கள்.’ சாயங்காலம் அதுவே சோகப் பாட்டு சேர்த்து இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ்!

ஃபேக்டரி சூப்பர்வைசர், பழைய கிளாஸ்மேட்கள், முன்பின் தெரியாதவர்கள்... எல்லோரும் அழும் பொம்மை அனுப்பினார்கள். ஒரு புண்ணியவதி, ‘பப்பாளி சாப்பிட்டாளா?’ என்று கேட்டிருந்தாள்.

இன்னொரு கொடுமை கலாவின் சொந்த ஊரான பாலசமுத்திரத்தில் நடந்தது. அங்கே விவசாயம் பார்க்கும் அப்பாவுக்குக் கலா இன்னும் சொல்லவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும் நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று இருந்தாள். அதற்குள் டீக்கடையில் யாரோ அவரிடம் போனை நீட்டிவிட்டார்கள்.

அவர் கூப்பிட்டபோது நான் கலாவின் பக்கத்தில்தான் இருந்தேன்.

“இன்னாம்மா... ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு நைனாகிட்ட சொல்லலியே?”

“நான் சொல்லல நைனா...”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே பத்மாவுக்குப் போன் போட்டேன்.

“அதை எடுத்துடும்மா.”

“இன்னாக்கா தப்பு? எவ்ளோ பேரு வேண்டிக்கினு கீறாங்க தெரியுமா? நல்லதுக்குத்தான போட்டேன்!”

நல்லதா? யாருக்கு?

தன் துக்கத்தைத் தானே ஃபேஸ்புக்கில் எழுதி ஆற்றிக்கொள்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானே வாரா வாரம் உங்களிடம் புலம்புகிறவள்தானே! ஆனால் எதை, எங்கே, யாரிடம் சொல்வது என்பது துக்கப்படுகிறவர் பாடு. நம்பிக் காதில் சொன்னதை மைக் போட்டுச் சொல்வதற்குப் பெயர் பாசம் இல்லை — துரோகம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அப்பா வந்துவிட்டார். மகள் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான். அதுவரை அழாத கலா, அவர் தோளில் சாய்ந்து உடைந்து அழுதாள்.

அவர் வந்த விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த பத்மா, மெதுவாகப் போனைத் தூக்கினாள்.

“மாமா, கொஞ்சம் இப்டி திரும்பு...”

அவர் திரும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“போன உள்ள வெய்ம்மா. எம் பொண்ணு அழுவுறா.”

பத்மாவின் முகம் செத்துவிட்டது. அங்கேயே நின்று ஃபேஸ்புக் பதிவு, ரீல்ஸ் இரண்டையும் டெலீட் செய்தாள். ‘மன்னிச்சுக்கோ’ என்று ஒரு வார்த்தை? ஊஹூம். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஃபேஸ்புக்கில் அவளுடைய புதுப் பதிவு: ‘இந்தக் காலத்தில் நல்லது செய்தாலும் கெட்ட பெயர்தான்.’ கூடவே ஓர் உடைந்த இதயம். கீழே வரிசையாக ஆறுதல்கள்!

கலாவுக்காகப் பிரார்த்தித்தவர்களில் ஒருவர்கூட இன்றுவரை எங்கள் மாடிப்படி ஏறவில்லை.