பெயர் சொல்லக் கூடாத பெண்

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையின் களத்தில் வேலை பார்ப்பவள் ஆனந்தவள்ளி. அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே நாள் முழுக்க நடப்பாள். மூன்று வருஷத்துக்கு முன், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜவுளிக்கடையில் வேலை முடிந்து திரும்பிய அவளுடைய ஒரே மகளை ஒருவன் சீரழித்துக் கொன்றுவிட்டான். அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது போதுமான அளவுக்கு அச்சேறிவிட்டது.

மகளின் பெயர்தான் எங்கேயும் வரவில்லை. இப்படிப்பட்ட வழக்கில் பெண்ணின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம். நல்லதை நினைத்துப் போட்ட சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்திரிகைக்கு அவள் 'இளம்பெண்'. தூக்குக் கேட்டுப் போஸ்டர் ஒட்டியவர்களுக்குக் 'காவிரியின் மகள்'. தெருவுக்கு 'அந்தப் புள்ள'. வீட்டில் அதுகூட இல்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே புருஷன் செல்லக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். பெற்றவளுக்கோ, அந்தப் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரே ஏக்கம். களத்தில் மற்ற பெண்கள் போனில் தங்கள் மகள்களைப் பெயர் சொல்லி அழைக்கும்போது அவளுக்கு வயிறு எரியும். பொறாமைதான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனையைச் சொல்வதற்கு முன் திருச்சி கோர்ட்டில் நீதிபதி அவளையும் கேட்டார். பாதிக்கப்பட்டவர்கள் பேசவும் உரிமை உண்டாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் "தூக்குன்னு சொல்லு" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"தூக்கு வேணாங்கய்யா," என்றாள்.

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது.

"அவன் மேல இரக்கம் இல்லீங்க. தூக்குன்னா அப்பீலு, கருணை மனுன்னு வருஷக்கணக்கா இழுக்கும்னு வக்கீலம்மா சொன்னாங்க. அத்தன வருஷமும் அவன் பேரு போட்டோவோட பேப்பர்ல வரும். எம் பொண்ணு பேரு வராது. அவன ஆயுசுக்கும் உள்ள போட்டு மறந்துடுங்க. அவ பேர மட்டும் ஒரு தடவ சத்தமா சொல்லிடுங்க, போதும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்குச் சட்டத்துல இடமில்லம்மா," என்றார்.

மத்தியானம் தூக்கென்று தீர்ப்பானது. வெளியே வெடி வெடித்தார்கள். யாரோ அவள் வாயில் லட்டைத் திணித்தார்கள். டிவிக்காரர்கள் அவன் பெயரை மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனந்தவள்ளி ஊருக்குப் போகாமல் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள். கோர்ட்டுக்குக் கூட வந்திருந்த செல்லக்கண்ணுவும் ஏனென்று கேட்காமல் பின்னாலேயே ஏறினார். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயில். தேங்காய், பழம், வெற்றிலையோடு தட்டை நீட்டினாள்.

"அர்ச்சனைங்களா? பேரு, நட்சத்திரம் சொல்லுங்க," என்றார் அர்ச்சகர்.

செத்தவர்களுக்கு அர்ச்சனை செய்வது வழக்கமில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் வந்திருந்தாள். வாயைத் திறந்தால் அழுகை முட்டிக்கொண்டு வந்ததே தவிர பெயர் வரவில்லை.

"யாழினி," என்றார் பின்னால் நின்ற செல்லக்கண்ணு. "சுவாதி நட்சத்திரம், துலா ராசி."

மூன்று வருஷத்தில் அவர் வாயில் அந்தப் பெயர் வந்தது அன்றுதான். அர்ச்சகர் மந்திரத்தோடு சேர்த்து அதைக் கணீரென்று சொன்னார். வரிசையில் நின்ற நாலு பேர் காதிலும் விழுந்தது.

"பொண்ணுங்களா?" என்று கேட்டுக்கொண்டே தட்டைத் திருப்பிக் கொடுத்தார். "நூறு வயசு இருக்கணும்னு வேண்டியிருக்கேன்மா."

"நல்லா இருக்கட்டும் சாமி," என்று ஆனந்தவள்ளி தட்டை வாங்கிக்கொண்டாள்.